முப்பது – நாற்பது

பிப்ரவரி 27

தம்பிக்கு,

போனில் கூப்பிடாதே. நாலு நாளில் பதினேழு தடவை கூப்பிட்டிருக்கிறாய். உன் குரலைக் கேட்டால் வார்டு என்றும் பார்க்காமல் கத்திவிடுவேன். எதுவானாலும் எழுது. எழுத்து என்றால் பாதியில் மடித்து வைத்துவிடலாம்.

திங்கட்கிழமை காலையில் உன் மாமாவுக்கு ஆபரேஷன் நடந்தது. மூக்குக்கண்ணாடியின் இடது சில்லு உடைந்து கண்ணுக்குள் போயிருந்தது. மூன்று துண்டுகள் எடுத்தார்கள். பிறகு தைத்தார்கள். கண்ணைக்கூடத் தைக்க முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பார்வை வருமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "முதல்ல புண் ஆறட்டும்மா" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துச் சொன்னார்.

பாப்பாவுக்குக் காலையில் பால் கொடுக்காதே, வாந்தி எடுப்பாள். ஸ்கூல் விட்டதும் பக்கத்து வீட்டு டீச்சரம்மாவிடம் இருக்கட்டும். நீ ஷிப்ட் முடிந்து வந்து கூட்டிக்கொண்டு போ. அப்பாவைப் பற்றிக் கேட்டால் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்.

இன்னும் ஒன்று. உன் மாமா பதினோரு வருஷமாக டென்னிஸ் ஆடுகிறார். ஜோடி சர்வ் போடும்போது நெட் பக்கம் நிற்கிறவன் பின்னால் திரும்பவே கூடாது என்று ஏழு வயசுப் பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தவர். பந்து முகத்தில் படும்படி அவர் ஏன் திரும்பினார்? கேட்டால், "காதுகிட்ட ஒரு குளவி வந்துச்சு, திரும்பினேன்" என்கிறார். நேற்றும் அதேதான், இன்றும் அதேதான், ஒரு வார்த்தை மாறவில்லை. நடந்ததைச் சொல்கிறவர்கள் அப்படி மனப்பாடமாகச் சொல்ல மாட்டார்கள்.

சர்வ் போட்டவன் நீ. நீ சொல்.

அக்கா


மார்ச் 1

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நாலு தடவை படித்தேன். பாப்பா நன்றாக இருக்கிறாள். பால் கொடுக்கவில்லை. தலை பின்னிவிட எனக்கு வரவில்லை. முதல் நாள் நான் பின்னிவிட்டதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "மாமா, இது அவிழாதுல்ல? வெட்டித்தான் எடுக்கணுமா?" என்று கேட்டாள். இப்போது டீச்சரம்மா பின்னிவிடுகிறார்.

கண்ணாடி ஆலையில் எல்லாரும் விசாரிக்கிறார்கள். வெளிச்சப் பலகை முன்னால் மாமாவின் நாற்காலியில் பேக்கிங் பிரிவிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். ஓடுகிற பாட்டிலில் கீறல் பார்க்க அவருக்குக் கண் பழகவில்லை. நேற்று மட்டும் நானூறு பாட்டில் திரும்பி வந்துவிட்டது. டென்னிஸ் போட்டியை அரையிறுதியோடு நிறுத்திவிட்டார்கள். அறிவிப்புப் பலகையில் எட்டு ஜோடிகளின் பட்டியல் அப்படியே இருக்கிறது. என் பெயரும் மாமா பெயரும் ஒரே வரியில். நான் அந்த வழியாகச் சாப்பிடப் போவதை நிறுத்திவிட்டேன்.

வேறு ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விடலாமா என்றும் யோசித்தேன். பாப்பாவிடம் தூசி என்றுதான் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நேற்று நான் குளித்துவிட்டு வந்தால், துண்டைக் கண்ணில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரைத் தடவித் தடவி நடக்கிறாள். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். "சிரிக்காதீங்க மாமா. எண்ணிட்டு இருக்கேன். கட்டில்லேருந்து கதவுக்கு ஒன்பது அடி. அப்பாவுக்கு நான்தானே சொல்லித்தரணும்" என்றாள். ஸ்கூலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், ஒரு கண் போனால் இன்னொன்றும் போய்விடும் என்று. அப்படியெல்லாம் கிடையாது என்று அடித்துச் சொன்னேன். கிடையாதுதானே அக்கா?

பாட்டில் வார்க்கிற அச்சு அறையில் இரண்டு நாளாக எனக்கு வேலை ஓடவில்லை. போர்மேன் வீட்டுக்குப் போகச் சொன்னார். வீட்டில் இருந்தால் இதைவிட மோசம்.

குளவி விஷயம். மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நான் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி


மார்ச் 3

தம்பிக்கு,

பாப்பாவிடம் அடித்துச் சொன்னாயே, அது பொய்.

இன்று காலை டாக்டரம்மா என்னை மட்டும் தனியறைக்குக் கூப்பிட்டார். அடிபட்ட கண்ணில் இனிமேல் பார்வை இல்லை. அதையாவது நான் எதிர்பார்த்துத்தான் போனேன். அதற்கு மேல் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இப்படிக் கிழிந்த கண்ணை அப்படியே விட்டுவைத்தால், எல்லாருக்கும் இல்லை, எங்கேயோ சில பேருக்கு, நல்ல கண்ணை அவர்கள் உடம்பே தாக்க ஆரம்பிக்குமாம். ஒரு மாதத்திலும் வரலாம், பத்து வருஷம் கழித்தும் வரலாம். இரண்டு வாரத்துக்குள் அடிபட்ட கண்ணை எடுத்துவிட்டால் அந்த அபாயம் அநேகமாக இல்லை. ஒன்பதாம் தேதியோடு இரண்டு வாரம் முடிகிறது.

உன் மாமா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். "எனக்கு வெளிச்சம் தெரியுது. டார்ச் அடிச்சாங்கல்ல, தெரிஞ்சுது. தெரியிற கண்ணை எதுக்கு எடுக்கணும்?" என்று டாக்டரம்மாவிடமே சண்டை போட்டார். அவர் பொறுமையாக மறுபடி டார்ச்சை எடுத்துச் சோதித்தார். என்னிடம் தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று.

அதற்குப் பிறகு மத்தியானம் நடந்ததைக் கேள். அவர் கூஜாவை எடுத்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் டம்ளருக்கு வெளியே மேசையில் விழுந்தது. கொஞ்ச நேரம் அவருக்குத் தெரியவே இல்லை, ஊற்றிக்கொண்டே இருந்தார். மடியில் சொட்டியதும்தான் நிறுத்தினார். நான் துணியால் துடைத்தேன். வலது கண்ணுக்கும் வந்துவிட்டதா? டாக்டரிடம் போய்க் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? இப்போது அவர் தூங்குகிறார். எழுந்ததும் என் முகத்தைத்தான் தேடுவார். கண்டுபிடிக்கிறாரா என்று பார்க்க நான் கட்டிலின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாறி உட்கார்ந்திருக்கிறேன். கட்டின மனுஷனுக்குப் பரீட்சை வைக்கிறேன், பார்த்தாயா என் நிலைமையை.

"மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்." இப்படி ஒரு வாக்கியத்தை நீ வாழ்க்கையில் சொன்னதே கிடையாது. அவர் வானம் நீலம் என்று சொன்னாலும் எதிர்த்துப் பேசுகிறவன் நீ.

தம்பி, எனக்கு இங்கே யாரும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் தனியாக நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். என்ன நடந்தது?

அக்கா


மார்ச் 5

அக்கா,

குளவி இல்லை. கூப்பிட்டது நான்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். இனி நிறுத்தாமல் எழுதிவிடுகிறேன்.

எதிர்ஜோடி ஆலை மேலாளரும் நம் ஆலை டாக்டரும் என்று உனக்குத் தெரியும். முதல் செட் நாங்கள் ஜெயித்தோம். சுலபமாக ஜெயித்தோம். மேலாளருக்கு அறுபது வயசு, ஓட முடியாது. இரண்டாவது செட்டில் மாமாவுக்கு என்னவோ ஆனது. கைக்கு நேராக வருகிற பந்துக்கு ராக்கெட்டைக் கொஞ்சம் தாமதமாக நீட்டினார். ஒரு தடவை என்றால் சரி. நாலாவது தடவை எனக்குச் சுருக்கென்றது. ஓடுகிற பாட்டிலில் மயிரிழைக் கீறலைப் பார்க்கிற மனுஷன் அவர். மேலாளர் மெதுவாகத் தூக்கிப் போடுகிற பந்து அவருக்குத் தெரியாதா? "என்ன மாமா?" என்றேன். "வெயில்டா" என்றார். வெயில் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

இரண்டாவது செட் போனது. கடைசி செட்டும் இழுத்துக்கொண்டு போய் என் சர்வுக்கு வந்து நின்றது. முப்பது – நாற்பது. அந்த ஒரு புள்ளி போனால் ஆட்டமே போய்விடும். வேலி ஓரத்தில் அச்சு அறை ஆட்கள் எல்லாரும் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள், எனக்காக. நான் பந்தைத் தூக்கிப் போட்டேன். மாமா நெட் பக்கத்தில் குனியாமல், கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். ஆடப் போகிறவன் அப்படி நிற்க மாட்டான். எனக்கு உச்சி மயிர் வரை எரிந்தது. "யாருக்காகத் தோக்குறீங்க மாமா?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே அடித்தேன்.

அவர் திரும்பினார்.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. டாக்டர்தான் நெட்டைத் தாண்டி ஓடிவந்து, "கையை எடு, கண்ணைத் தேய்க்காதே" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சர்வ் கோட்டில் அப்படியே நின்றேன். போகவில்லை. யாரோ என் கையிலிருந்து ராக்கெட்டை வாங்கிக்கொண்டார்கள்.

எல்லாரும் விபத்து என்கிறார்கள். உனக்கு மட்டும் சொல்கிறேன். கத்தியதற்காக நான் பயப்படவில்லை. பந்து எப்படியோ போய் அவர் மேல் பட்டதா, நான் அனுப்பினேனா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அரை நொடியில் அவர் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம். என் கை எதைக் குறிவைத்தது என்று பத்து நாளாக என் கையையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பதில் தெரியாமலேயே நான் கிழவனாகிவிடுவேன் போலிருக்கிறது.

அவர் எனக்காகக் குளவி கதை சொல்வதை இனிமேல் என்னால் தாங்க முடியாது. இதை அவரிடம் படித்துக் காட்டு. அதற்கு மேல் நீ என்ன சொன்னாலும் சரி. பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் வேறு யாரிடமாவது விடு என்றாலும் சரி.

கையெழுத்து மட்டும் போடச் சொல் அக்கா. எப்படியாவது.

தம்பி


மார்ச் 7

தம்பிக்கு,

காலையில் வந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். முதலில் உன்மேல் வந்த கோபத்தை எழுத இந்தக் காகிதம் தாங்காது. அதனால் எழுதவில்லை. அடுத்தாற்போல் வந்தது கோபம் இல்லை. பயம். ஏனென்றால் யாருக்காகத் தோற்றார் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் ராக்கெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "அந்த மேலாளரை ஜெயிச்சு என்ன கிழிக்கப் போறீங்க? சாம்பிள் ரூம் இடம் காலியா இருக்கு. பகல் வேலை, உட்கார்ந்து பார்க்கிற வேலை. அவர் மனசு குளிர்ந்தா உங்களுக்குத்தானே நல்லது? ஒரு நாள் தோத்தா உயிரா போயிடும்?" அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். நானும் மறந்துவிட்டேன். சமையலறைக்குப் போய்விட்டேன். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன் தம்பி.

உன் கடிதத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். ஒரு வரி விடவில்லை. முடிந்ததும் என் பங்கையும் சொன்னேன். பிறகு, "குளவி நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவன் கூப்பிட்டதுக்காக நான் திரும்பலை. சர்வ் போடுறப்ப ஊரே கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன். பிடிபட்டுட்டேன்னு திரும்பினேன். திருடன் திரும்புவான்ல, அந்த மாதிரி. அவன் முகத்தைப் பார்க்கணும்னு தோணுச்சு."

உன் கை எதைக் குறிவைத்தது என்று கேட்டிருந்தாயே, அதற்கும் பதில் சொன்னார். "ஆறு வருஷமா அவன்கூட ஆடுறேன். நினைச்ச இடத்துல அவன் சர்வைப் போட்டு நான் ஒரு நாளும் பார்த்தது இல்லை. குறி வச்சிருந்தா என்மேல பட்டிருக்கவே பட்டிருக்காது. இதை அவனுக்கு எழுது."

நான் தட்டை எடுத்து வைக்க எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தார். "வெளிச்சம் தெரியுதுன்னு சொன்னேனே, அதுவும் குளவிதான்" என்றார். "ஒண்ணுமே தெரியலை. முதல் நாள்லேருந்தே ஒண்ணும் தெரியலை. எடுத்துட்டாங்கன்னா அப்புறம் இல்லைன்னு ஆயிடும்ல, அதான்."

தண்ணீர் ஊற்றியதையும் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன். ஒற்றைக் கண்ணால் பார்க்கிறவர்களுக்குத் தூரம் பிடிபடாதாம், எல்லாரும் முதலில் வெளியேதான் ஊற்றுவார்களாம். நாலு நாள் நான் செத்துப் பிழைத்ததற்குக் காரணம் ஒரு டம்ளர்.

சாயங்காலம் கையெழுத்துப் போட்டார். நாளைக் காலை எட்டு மணிக்கு எடுக்கிறார்கள். இந்தக் கடிதம் அதற்குள் வந்து சேராது என்று டீச்சரம்மாவுக்குப் போன் செய்து நேரத்தை மட்டும் உன்னிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன். பாப்பாவிடம் தூசி என்று சொன்னதை மாற்றிச் சொல்லிவிடு. எப்படிச் சொல்வாயோ, உன் பாடு.

அக்கா


மார்ச் 9

அக்கா,

நேற்று எட்டு மணிக்கு அச்சு அறையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டே கால். எட்டரை. போர்மேன் வந்து மெஷினை அவரே நிறுத்தினார்.

மத்தியானம் மேலாளர் கூப்பிட்டனுப்பினார். வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார். "நீ கத்தினது எனக்கும் கேட்டுச்சுப்பா" என்றார். "அவர் விட்டுக்கொடுக்கிறார்னு ரெண்டாவது செட்லயே எனக்குத் தெரியும். ஜெயிக்கிறது பிடிச்சிருந்துச்சு. சும்மா இருந்துட்டேன்." அவ்வளவுதான் சொன்னார். மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார், அடுக்கியதையே திரும்ப அடுக்கினார். போகலாமா என்று கேட்டேன். தலையாட்டினார். வெளியே வந்தபோது அறிவிப்புப் பலகையில் பட்டியல் இல்லை.

பாப்பாவிடம் சொன்னேன். அடித்தது நான் என்பதையும் சொன்னேன். அவள் என் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் கையா?" ஆமாம் என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். சாப்பிடும்போது என் பக்கத்தில் உட்காரவில்லை. எதிரில் உட்கார்ந்தாள். எனக்கு அது வேண்டியதுதான்.

ஆபரேஷன் எப்படி நடந்தது என்று நீ இன்னும் ஒரு வரியும் எழுதவில்லை. தபால் வர இரண்டு நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இன்று மூன்று தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்தேன்.

தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

எடுத்துவிட்டார்கள். நல்லபடியாக நடந்தது. அதை முதலில் எழுதிவிட்டேன். மீதியைக் கேள்.

நேற்றுக் காலை கண் விழித்ததும், "ஜன்னல் பக்கம் யாராவது புகைக்கிறாங்களா?" என்று கேட்டார். யாரும் இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. புகை அவருடைய வலது கண்ணில்.

டாக்டரம்மா பெரிய கருவியில் மோவாயை வைக்கச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். இன்னொரு டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் என் எதிரில் பேசிக்கொள்ளவில்லை, வராந்தாவுக்குப் போய்ப் பேசினார்கள். அதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. உள்ளே வீக்கம் லேசாக ஆரம்பித்திருக்கிற மாதிரி இருக்கிறது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார்கள். மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து, கூட மாத்திரை. ஒரு வாரம் பார்க்க வேண்டும். பயந்தது அதுதானா என்று கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சீக்கிரமே பிடிச்சுட்டோம், அது நல்ல விஷயம்" என்றார்.

அவரிடம் மறைக்கவில்லை. இனி நம் வீட்டில் குளவி கிடையாது என்று பேசி வைத்திருக்கிறோம். கேட்டுவிட்டு, "பாப்பாவோட போட்டோ இருக்கா?" என்றார். என் பையில் ஒன்று இருந்தது. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார். இன்று காலையிலும் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். தெளிவாகத் தெரிகிறதா என்று நான் கேட்கவில்லை.

தம்பி, நான் கோபத்தையெல்லாம் எங்கேயோ வைத்துவிட்டேன். பிறகு தேடி எடுத்துக்கொள்கிறேன். இப்போது எனக்கு எழுது. எதையாவது எழுது.

அக்கா


மார்ச் 13

அக்கா,

எதையாவது எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

இன்று பாப்பா ஸ்கூலிலிருந்து பெருக்கல் கணக்கு ஒன்று கொண்டுவந்தாள். எனக்கும் வரவில்லை. டீச்சரம்மா இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பேருக்கும் திட்டு விழுந்தது. திட்டு வாங்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அப்புறம் கோபமாக இருக்க வேண்டும் என்பது ஞாபகம் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். புகை என்ற இடத்தையும் விடவில்லை. மறுபடி துண்டை எடுத்துக் கட்டிக்கொள்ளப் போனாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை அக்கா. இன்னொரு துண்டை எடுத்து நானும் கட்டிக்கொண்டேன். கட்டிலிலிருந்து கதவுக்கு ஒன்பது அடி என்றாளே, எனக்கு ஆறு. நிலைப்படியில் இடித்துக்கொண்டேன். நெற்றி வீங்கிவிட்டது. அவள் துண்டைக் கழற்றிவிட்டு என் நெற்றியைத் தடவினாள். இருட்டில் இருக்கிற பயத்தை இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு நிமிஷம்கூட என்னால் முடியவில்லை. மாமா ஒரு வாரம் முழுக்க அதன் வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

என்ன ஆனாலும் அவருக்கு வேண்டியதை நான் செய்வேன். ஆயுசுக்கும். இதை எழுதுவது சுலபம் என்று நீ சொல்வாய். சொல்லு. எழுதிவிட்டேன்.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

நேற்று மறுபடி அந்தக் கருவியில் மோவாயை வைத்தார். டாக்டரம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். நான் என் புடவைத் தலைப்பில் எண்ணிக்கையில்லாமல் முடிச்சுப் போட்டிருக்கிறேன், பிறகுதான் கவனித்தேன். கடைசியில் தலையைத் தூக்கி, "நல்லாத் தெளிஞ்சிருக்கு" என்றார். இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

எழுத்துப் பலகையில் கடைசிக்கு முந்தின வரி வரை படித்தார். கடைசி வரி எனக்கே தெரியவில்லை.

பயம் முழுசாகப் போகவில்லை. மாதாமாதம் வந்து காட்ட வேண்டும், வருஷக்கணக்கில். கண் சிவந்தால், கூசினால், அன்றைக்கே ஓடிவர வேண்டும். இனி அவர் காலையில் கண் விழிக்கிற ஒவ்வொரு நாளும் நான் அவருக்கு முன்னாலேயே விழித்திருப்பேன். அது என்னோடு இருக்கட்டும்.

வெளிச்சப் பலகை வேலைக்கு இனி அவர் திரும்ப முடியாது. ஒற்றைக் கண்ணுக்கு ஓடுகிற பாட்டில் பிடிபடாது. சாம்பிள் ரூம் தருவதாக மேலாளர் கடிதம் அனுப்பியிருக்கிறார். படித்துவிட்டு உன் மாமா, "இதுக்குத்தானே தோத்தோம்" என்றார். சிரிக்கவில்லை. போவாரா மாட்டாரா, நான் கேட்கவில்லை. இனி எதிலும் நான் யோசனை சொல்வதாக இல்லை. அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எத்தனை நாளைக்கோ.

உன்னிடம் எனக்குக் கோபம் இருக்கிறது. தேடிப் பார்த்தேன், இருந்தது. ஆனால் அதை எடுத்துவர இப்போது கையில் இடமில்லை. மருந்துப் பை, துணிமூட்டை, இவர்.

சனிக்கிழமை காலை பத்தரை மணி ரயிலில் வருகிறோம். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வா. அவர் கண்ணில் இருக்கும் கட்டைப் பார்த்து அவள் பயப்படலாம், முன்கூட்டியே சொல்லி வை. ரயில் பெட்டியில் படி உயரம். எவ்வளவு ஆழம் என்று இவருக்கு இன்னும் தெரிவதில்லை. நான் வலது பக்கம் பிடித்துக்கொள்கிறேன்.

நீ அவருக்கு இடது பக்கம் நில். அந்தப் பக்கம் என்ன வந்தாலும் அவருக்குத் தெரியாது. நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அக்கா